முதுமையின் தனிமையைப் போக்கும் இல்லப் பராமரிப்பு

காவோலை விழும்போது குருத்தோலை சிரிக்கும் என்பது நம்மிடையே வழங்கிவரும் பழமொழி. இன்று இளையோராய் இருப்போர் அனைவரும் நாளை முதியோராவர் என்பதையே அப்பழமொழி நினைவூட்டுகின்றது. விடியுமுன் பால்மரக் காட்டில் இறங்கி, கத்தியும் வாளியுமாய் நாற்பது ஆண்டுக்காலம் உழைத்து ஓய்ந்தவர்கள் நம் குடும்பங்கள் பலவற்றில் உள்ளனர். அவர்களுக்கு உண்ணச் சோறும் உடுக்க உடையும் உறங்க ஓர் அறையும் தந்துவிட்டால் நம் கடமை நிறைவேறிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் அவர்கள் வாய் திறந்து கேட்காத ஒரு தேவையும் உண்டு. ஒரு நாளில் சிறிது நேரமேனும் தம்மோடு அமர்ந்து பேச ஒருவர் வேண்டும் என்பதே அத்தேவை.

நம் நாட்டில் முதியோரின் தொகை விரைந்து பெருகி வருகின்றது. 1970ஆம் ஆண்டில் பிறந்த ஆண் குழந்தை சராசரியாக 61.6 ஆண்டும், பெண் குழந்தை 65.6 ஆண்டும் வாழும் எனக் கணிக்கப்பட்டது. இன்று இருபாலாருக்கும் பொதுவான சராசரி ஏறத்தாழ 75 ஆண்டாக உயர்ந்துள்ளது. மருத்துவ வசதியும் தூய குடிநீரும் பெருகியதால் விளைந்த நற்பயன் இது. அதே வேளையில் பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது. 1970இல் ஒரு தாய்க்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள் பிறந்தனர். 2022இல் அது 1.6 ஆயிற்று. 2030ஆம் ஆண்டில் நம் மக்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் 60 வயதைக் கடந்தவராய் இருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது. பார்த்துக்கொள்ள வேண்டிய முதியோர் மிகுந்து, பார்த்துக்கொள்ளும் கைகள் குறைந்துவரும் காலத்தில் நாம் வாழ்கிறோம். இந்நிலையில் இல்லப் பராமரிப்பு என்னும் ஏற்பாடு முதியோரின் தனிமையைப் போக்க எவ்வாறு துணைசெய்யும் என்பதை இங்கே காண்போம்.

லயத்து வீடும் அடுக்குமாடியும்

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகர மையத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது ஆயர் ஈத்தாம். மலாய் மொழியில் இப்பெயருக்குக் கருநீர் என்பது பொருள். 1890இல் கட்டத் தொடங்கப்பெற்ற கெக் லோக் சி பௌத்த ஆலயத்தையும், 1923 முதல் மலையேறும் கொடிமலை இரயிலையும் காண வருவோர் இவ்வூரை நன்கு அறிவர். ஆயின் இவ்வூரில் வாழும் மக்களோ பெரும்பாலும் அடுக்குமாடிகளிலேயே வாழ்கின்றனர். 1970ஆம் ஆண்டை ஒட்டி பாடாங் தெம்பாக் எனப்படும் ரைபிள் ரேஞ்ச் பகுதியில் எழுப்பப்பட்ட உயர்ந்த மாடி வீடுகள், நாட்டின் தொடக்ககால மலிவுவிலை அடுக்குமாடிகளுள் அடங்கும். அதன் பின்னர் பண்டார் பாரு ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் மாடி வீடுகள் மேலும் மேலும் எழுந்தன.

இவ்வூருக்கும் தோட்டப்புறத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. 1972இல் பாயான் லெப்பாசில் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டபின், செபராங் பிறை, தென் கெடா ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து இளையோர் பலர் தொழிற்சாலை வேலைக்குச் சென்றனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், கித்தா மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும், நிலம் வீடமைப்புக்கு மாறியதும் அவர்களை மேலும் வெளியேற்றின. அவ்வாறு சென்றவர்கள் நகரத்தில் வீடு தேடினர். கைக்கு எட்டிய விலையில் கிடைத்தவை மாடி வீடுகளே. பெற்றோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிள்ளைகள் அவர்களைத் தம்மோடு அழைத்துக்கொண்டனர். அது நற்செயலே, அதில் குறை காண்பதற்கில்லை.

ஆனால் இடம் மாறியபோது அம்முதியோர் இழந்தவை யாவை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்து லயத்தில் கதவு பகலில் அடைக்கப்படுவதில்லை. பொதுக் குழாயடியில் நாளுக்கு இருமுறை அண்டை வீட்டாரைக் கண்டனர். பிரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. ஒருவர் வரவில்லையெனில் அவருக்கு என்னவாயிற்று என்று கேட்க ஆள் இருந்தது. ஆயாக் கொட்டகையில் குழந்தைகளின் குரல் கேட்டது. மாலையில் கோயிலடியிலும் கள்ளுக்கடை வழியிலும் கடைத்தெருவிலும் பேச்சு ஓயவில்லை. வறுமை இருந்தது, நோய் இருந்தது, ஆனால் ஒருவர் வீட்டில் அடுப்புப் புகையவில்லையெனில் அடுத்த வீட்டார் அதனை அறிந்தனர்.

நகரத்து நிலை வேறு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் வரலாறுமன்று. பல குடும்பங்களில் காணப்படும் நிலையின் சுருக்கமே. எழுபத்தெட்டு வயதுடைய மூதாட்டி ஒருவர் பன்னிரண்டாம் மாடியில் மகன் வீட்டில் வசிக்கின்றார். மகனும் மருமகளும் முறைநேர வேலைக்குச் செல்பவர்கள். காலை ஆறு மணிக்கு வீடு வெறிச்சோடிவிடுகின்றது. மதியத்திற்கான சோறும் குழம்பும் மேசைமேல் மூடி வைக்கப்பட்டுள்ளன; மாத்திரைகள் ஒரு டப்பாவில் உள்ளன. கம்பிக் கதவு பூட்டப்பட்டுள்ளது. எதிர்வீட்டார் ஹொக்கியன் பேசுபவர். மூதாட்டி அறிந்தவை தமிழும் கடைத்தெரு மலாயுமே. முட்டி வலியால் தனியே மின்தூக்கியில் இறங்க அஞ்சுகின்றார். மாலையில் பிள்ளைகள் களைத்து வருகின்றனர். "அம்மா, சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா?" என்று கேட்கின்றனர். "ஆயிற்றப்பா" என்று அவர் விடையளிக்கின்றார். அன்றைய நாளில் அவர் பேசிய பேச்சு அவ்வளவே.

தனித்திருத்தலும் தனிமையுணர்வும்

இவ்விடத்தில் இரண்டு நிலைகளை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒருவரைக் காண வருவோரும் அவரோடு பழகுவோரும் குறைந்துபோவது தனித்திருத்தல். தமக்கு யாருமில்லை என்று அவர் உள்ளத்தில் வருந்துவது தனிமையுணர்வு. தனியே வாழும் ஒருவர் மன நிறைவோடு இருத்தல் கூடும். பிள்ளைகளும் பேரர்களும் நிறைந்த வீட்டில் இருப்பவரும் தனிமையுணர்வால் வாடுதல் கூடும். ஆகவே, "எங்கள் வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம், அப்பாவுக்கு என்ன தனிமை?" என்று முடிவு கட்டிவிடலாகாது.

இது வெறும் மன வருத்தம் எனத் தள்ளிவிடத் தக்கதுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக மக்களுள் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டுள்ளார். ஆண்டுதோறும் 871,000க்கு மேற்பட்ட மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டென அவ்வறிக்கை மதிப்பிட்டுள்ளது. மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, மனச்சோர்வு, நினைவாற்றல் குன்றுதல் ஆகியவை ஏற்படும் வாய்ப்பை நீண்டகாலத் தனிமை மிகுவிக்கின்றது. நம் நாட்டில் 2018இல் சுகாதார அமைச்சு மேற்கொண்ட தேசிய ஆய்வில், 60 வயதைக் கடந்தோருள் 11.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகளும், 8.5 விழுக்காட்டினரிடம் நினைவிழப்பு நோய்க்கான அறிகுறிகளும் காணப்பட்டன.

தனிமை உடலைக் கெடுக்கும் வழியைப் புரிந்துகொள்வது கடினமன்று. பேச ஆளில்லாதவர் நேரத்திற்கு உண்பதில்லை. ஒருவருக்காகச் சமைப்பானேன் என்று தேநீரும் ரொட்டியுமாய் நாளைக் கழிக்கின்றார். மருந்தை மறக்கின்றார், அல்லது இருமுறை உட்கொள்கின்றார். நடமாட்டம் குறையக் குறையக் கால் தசைகள் வலுவிழக்கின்றன. குளியலறையில் வழுக்கி விழுகின்றார். விழுந்தபின் மீண்டும் விழுவோமோ என்னும் அச்சத்தால் நடப்பதையே நிறுத்துகின்றார். தனிமை நோயை வளர்க்க, நோய் தனிமையை வளர்க்கின்றது. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும்.

இல்லப் பராமரிப்பு என்பது யாது?

முதியவரை வேறோர் இல்லத்திற்கு அனுப்பாமல், அவர் வாழும் வீட்டிற்கே உதவியைக் கொண்டு செல்வதே இல்லப் பராமரிப்பு. பழகிய கட்டில், பழகிய சாமி படம், பழகிய சமையல் மணம் ஆகியவற்றோடு அவர் இருந்துகொள்ளலாம். நம் நாட்டில் இது பல வகையாக நடைபெறுகின்றது.

முதலாவது, சமூகநல இலாகாவின் இல்ல உதவிச் சேவை. மலாயில் இது கிட்மாட் பந்து டி ரூமா எனப்படும். தென்கொரியாவின் துணையோடு ஆசியான் நாடுகளில் 2003இல் தொடங்கப்பெற்ற முதியோர் இல்லப் பராமரிப்புத் திட்டத்தில் மலேசியாவும் பங்குகொண்டது. அவ்வழியில் வளர்ந்த சேவை இது. இதன்படி பயிற்சி பெற்ற தொண்டர்கள், உதவி தேவைப்படும் முதியோரின் வீட்டிற்கும், படுக்கையிலுள்ள உடற்குறையுடையோரின் வீட்டிற்கும் முறையாகச் சென்று வருகின்றனர். வீட்டைத் துப்புரவு செய்தல், கடைக்குச் சென்று வருதல், மருந்தகத்திற்குத் துணையாகச் செல்லுதல், உடனிருந்து பேசுதல் ஆகியவை அவர்களின் பணிகள். உறவினர் அருகில் இல்லாத முதியோருக்கு இச்சேவை முதன்மையாக உரியது.

இரண்டாவது, சுகாதார அமைச்சின் இல்ல மருத்துவப் பராமரிப்பு. 2014 முதல் சுகாதார மருந்தகங்களின் வழி இது நடைபெறுகின்றது. பக்கவாதம் போன்றவற்றால் படுத்த படுக்கையானவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும், மருத்துவர், தாதி, உடற்பயிற்சி மருத்துவர் ஆகியோர் அடங்கிய குழு வீட்டிற்கு வருகின்றது. புண்ணுக்கு மருந்திடுதல், குழாய் மாற்றுதல், கை கால்களுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவற்றோடு, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதையும் உணவூட்டுவதையும் குடும்பத்தார்க்குக் கற்றுத் தருகின்றது. குழு என்றென்றும் வந்துகொண்டிராது; குடும்பத்தார் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மூன்றாவது, தொண்டு நிறுவனங்களின் பணி. பினாங்கு இதில் முன்னோடி மாநிலமாகும். தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் பினாங்குக் கிளை 1990களின் தொடக்கத்திலேயே, புற்றுநோய் முற்றியவர்களின் வீடுகளுக்குத் தாதியரை அனுப்பும் பணியைத் தொடங்கிற்று. மருத்துவர் டி. தேவராஜ் இப்பணியை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர். வலி நீக்கும் மருந்தோடு தாதியர் வீடு தேடிச் சென்றபோது, நோயாளியின் மனக்குறைகளையும் கேட்கலாயினர். நோய் தீராது எனத் தெரிந்தபின்னும் செய்யவேண்டிய உதவி நிறைய உண்டென்பதை அப்பணி நமக்குக் காட்டியது.

இவையேயன்றி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடிய முதியோருக்கு, பாவே எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முதியோர் நடவடிக்கை மையங்களைச் சமூகநல இலாகா நாடெங்கும் நடத்துகின்றது. 60 வயதைக் கடந்த எவ்வினத்தாரும் அங்கே சென்று உடற்பயிற்சி செய்யலாம், கைவேலை கற்கலாம், கூடிப் பேசலாம். இல்லப் பராமரிப்பும் இம்மையங்களும் ஒன்றுக்கொன்று துணையானவை.

ஒரு வருகையின் பயன்

முன்பு நாம் குறிப்பிட்ட மூதாட்டியின் வீட்டிற்குத் தொண்டர் ஒருவர் வருவதாகக் கொள்வோம். முதல் நாள் மூதாட்டி கதவைத் திறக்கத் தயங்குவார். ஆகவே முதல் வருகையின்போது மகனோ மருமகளோ வீட்டில் இருந்து அறிமுகம் செய்து வைப்பது நலம். தொண்டர் தம் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். வந்தவுடன் துடைப்பத்தை எடுப்பதைவிட, அமர்ந்து, "அம்மா எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்?" என்று கேட்பது சிறந்தது. அவ்வொரு கேள்விக்கு அவர் ஒரு மணி நேரம் விடை சொல்லக்கூடும். எத்தனை மரம் ஒரு நெறை, எந்தக் கங்காணி கண்டிப்பானவர், எந்த ஆண்டு வெள்ளம் வந்தது என்பனவெல்லாம் வெளிவரும். அவரிடம் கேட்பதற்கு ஒன்று உண்டு என்று பிறர் எண்ணுவதே அவருக்கு மருந்தாகும்.

இரண்டாவதாக, வேலைகளை அவருக்காகச் செய்வதைவிட, அவரோடு சேர்ந்து செய்தல் வேண்டும். தொண்டர் கீரையைக் கழுவும்போது மூதாட்டி அதனை ஆயலாம். தொண்டர் துணி துவைக்கும்போது அவர் மடித்து வைக்கலாம். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு, "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அமர வைத்தால், தம்மால் இனி யாருக்கும் பயனில்லை என்னும் எண்ணமே அவருக்கு வலுப்படும்.

மூன்றாவதாக, தொண்டரின் கண்கள் விழிப்பாய் இருத்தல் வேண்டும். மாத்திரை எண்ணிக்கை சரியாக உள்ளதா, கால் வீங்கியுள்ளதா, சோறு தொடப்படாமல் கிடக்கின்றதா, அடுப்பை அணைக்க மறக்கின்றாரா என்பவற்றைக் கவனித்துக் குடும்பத்தார்க்கும் மருந்தகத்திற்கும் தெரிவிக்கலாம். மாலையில் களைத்து வரும் பிள்ளைகளின் கண்ணுக்குப் படாத பல மாற்றங்கள், வாரம் ஒருமுறை வருபவரின் கண்ணுக்கு எளிதில் புலப்படும்.

நான்காவதாக, சில வாரங்களுக்குப் பின் அவரை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். முதலில் மாடி நடைக்கூடம் வரை. பின்னர் மின்தூக்கியில் இறங்கிக் கீழேயுள்ள கடை வரை. பின்னர் கோயிலுக்கோ முதியோர் மையத்திற்கோ செல்லலாம். வீட்டிற்குள் ஒருவர் வந்து செல்வதோடு நின்றுவிட்டால், அவ்வொருவரையே முதியவர் முழுதும் சார்ந்திருக்க நேரும். தொண்டர் மாற்றலாகிச் சென்றால் பழைய தனிமை திரும்பும். வருகை ஒரு கதவைத் திறந்துவிடவேண்டும். அக்கதவின் வழியாக முதியவர் மீண்டும் மக்களிடையே சென்று கலக்கவேண்டும். அதுவே இல்லப் பராமரிப்பின் முழுப் பயனாகும்.

வந்தவர் பேசாமல் தரையைக் கூட்டிவிட்டுப் போனால் தரை தூய்மையாகும். முதியவரின் மனநிலையில் மாற்றம் ஏதும் நிகழாது. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொருவர் வந்தாலும் பயன் குறைவே. குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே ஆள் வருவது இன்றியமையாதது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒருவர் வருவார் என்னும் எதிர்பார்ப்பே முதியவரைத் திங்கட்கிழமை இரவு மகிழ்வோடு உறங்கச் செய்யும்.

பிற நாடுகளின் அனுபவம்

இத்துறையில் பிற நாடுகளில் செய்யப்பட்டவற்றிலிருந்தும் நாம் கற்கலாம். இந்தியாவின் கேரள மாநிலத்தில், கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் சிலர் தீராநோயாளிகளுக்கான வலி நிவாரண மருந்தகம் ஒன்றைத் தொடங்கினர். மருத்துவர்கள் மட்டுமே இப்பணியைச் செய்து முடிக்க இயலாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். எனவே மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அண்டை அயலாருக்கே பயிற்சி அளித்தனர். மாணவர், கடைக்காரர், வாகன ஓட்டிகள், இல்லத்தரசிகள் எனப் பலரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, தம் ஊரிலுள்ள நோயாளியின் வீட்டிற்குச் செல்லலாயினர். செலவுக்கு ஊர்மக்கள் சிறு சிறு தொகைகளாகத் தந்தனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையோருக்கு வீடு தேடி மருந்து வழங்குவதும், படுக்கையில் உள்ளோருக்கு உடற்பயிற்சி அளிப்பதும் அதன் பணிகளுள் சில. அண்டை நாடான சிங்கப்பூரில், அரிமா சங்கத்தினர் 1995இல் நிறுவிய நட்புச் சேவை அமைப்பின் தொண்டர்கள், அடுக்குமாடிகளில் தனித்து வாழும் முதியோரைச் சென்று காண்கின்றனர். இம்மூன்று இடங்களிலும் ஒரு பொதுவான உண்மையைக் காண்கிறோம். பெரிய கட்டடமோ பெருஞ்செலவோ இல்லாமல், அருகிலிருப்போர் தவறாமல் சென்று வந்ததே அப்பணிகளை நிலைக்கச் செய்தது.

சில ஐயங்கள்

"பிள்ளைகள் இருக்க அந்நியர் வந்து பார்ப்பதா? ஊர் என்ன சொல்லும்?" என்று சிலர் தயங்குவர். பிள்ளையின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளை வேலைக்குச் சென்றுள்ள பத்து மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தையே தொண்டர் நிரப்புகின்றார். முழுநேரமும் தாமே பார்த்துக்கொள்ள முயன்று, களைப்பால் எரிச்சலுற்று, பெற்றோரைக் கடிந்துகொள்ளும் நிலையைவிட இது மேலானது. குறிப்பாக மருமகளோ மணமாகாத மகளோ வேலையை விட்டுவிட்டுத் தனியொருவராய் இச்சுமையைத் தாங்கும் குடும்பங்களில், அவருக்கும் ஓய்வு தேவை என்பதை மறத்தலாகாது.

"பணம், நகை காணாமற்போனால்?" என்பது வேறோர் ஐயம். அது நியாயமானதே. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் தரவேண்டாம். கடைக்குச் செல்லப் பணம் தந்தால் இரசீதை ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். வருகையின் நாளும் நேரமும் அக்குறிப்பேட்டிலேயே எழுதப்படட்டும். இவ்வொழுங்கு முதியவர்க்கும் காப்பு, தொண்டர்க்கும் காப்பு.

"எங்கள் அப்பா யாரோடும் பேசமாட்டார்" என்பாரும் உளர். பேச்சு விரும்பாதவரோடு தாயம் ஆடலாம், வானொலி கேட்கலாம், பூந்தொட்டிக்கு நீரூற்றலாம். முதியவரின் விருப்பத்தைக் கேளாமல் எதனையும் அவர்மேல் சுமத்துதல் முறையன்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு உண்டு.

நாம் செய்யவேண்டியவை

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தனித்திருக்கும் முதியவர் இருப்பின், முதலில் மாவட்டச் சமூகநல இலாகா அலுவலகத்தை அணுகி இல்ல உதவிச் சேவையைப் பற்றிக் கேளுங்கள். அலுவலகம் எங்கேயென்று தெரியாதவர்கள் 15999 என்னும் தாலியான் காசே தொலைபேசி எண்ணை அழைக்கலாம். முதியவரின் அடையாள அட்டை, மருந்தகக் குறிப்புகள், குடும்பத்தார் வருமான விவரம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். வருமானமும் ஆதரவும் அற்ற முதியோர்க்கு அவ்விலாகா வழங்கும் மாத உதவித்தொகை, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 500 வெள்ளியிலிருந்து 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதற்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். படுக்கையில் இருப்பவராயின், சிகிச்சை அளித்த மருத்துவமனையிலோ அருகிலுள்ள சுகாதார மருந்தகத்திலோ இல்ல மருத்துவப் பராமரிப்பைப் பற்றி வினவுங்கள். கேட்காமல் இருப்பதால் கிடைக்காமற்போகும் உதவிகள் பல.

தோட்டத்தில் இன்னும் வசிப்போருக்கும் இதில் கடமை உண்டு. பிள்ளைகள் நகரத்திற்குச் சென்றுவிட, லயத்திலேயே தங்கிவிட்ட முதியோர் சிலர் இருப்பர். அண்டை வீடுகள் காலியாகிவிட்டதால் அவர்களின் தனிமை நகரத்து முதியோரின் தனிமைக்குக் குறைந்ததன்று. காலை வேலைக்குச் செல்லுமுன் ஒருவர், மாலை திரும்பும்போது ஒருவர் என முறை வைத்து அவர்களின் வாசலில் நின்று குரல் கொடுத்துச் செல்லுங்கள். பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறை கடிதமோ நாளிதழோ படித்துக் காட்டலாம். நகரத்திலுள்ள பிள்ளைகள் குறித்த நேரத்தில் தொலைபேசியில் அழைக்கலாம். முகம் காணும் வசதி கைத்தொலைபேசியில் இருப்பின் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காட்டலாம். ஆயின் தொலைபேசி, நேரில் வருவதற்கு ஈடாகாது.

தொண்டர்களாக முன்வருவதும் நம்மால் இயலக்கூடியதே. ஆயர் ஈத்தாம் போன்ற ஊர்களில் தமிழ் மட்டுமே நன்கறிந்த முதியோரோடு பேசத் தமிழறிந்த தொண்டர்கள் தேவை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்ட மருத்துவ உதவியாளர்கள், ஆயாக் கொட்டகையில் பணியாற்றிய தாய்மார்கள் ஆகியோர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்களுள் பலரும் ஓய்வுக்குப்பின் பொழுது போகாமல் வருந்துபவர்களே. பிறர் தனிமையைப் போக்கச் செல்பவரின் தனிமையும் அவ்வழியிலேயே நீங்கும்.

தோட்டங்களில் மரணச் சகாயச் சங்கங்கள் நெடுங்காலமாக இயங்கி வந்துள்ளன. மாதம் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, எவர் வீட்டில் மரணம் நேர்ந்தாலும் அனைவரும் கூடி நின்று இறுதிக் கடனை முடித்து வைத்தோம். அந்த ஒற்றுமை நம் பாட்டாளி மக்களின் பெருமையாகும். இறந்தவர்க்காக அவ்வளவு ஒழுங்காகக் கூடத் தெரிந்த நமக்கு, உயிரோடிருப்பவரை வாரம் ஒருமுறை சென்று காண ஓர் ஏற்பாடு செய்துகொள்வது கடினமாயிராது. அதே சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தம் உறுப்பினருள் தனித்து வாழும் முதியோரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வருகையாளரைக் குறித்துவிடலாம். அதற்குச் சந்தாவும் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், வாரம் ஒரு மணி நேரமும் போதும். இம்மாதமே அப்பட்டியலை எழுதத் தொடங்குங்கள். முதற்பெயர் உங்கள் அண்டை வீட்டாருடையதாகவும் இருக்கக்கூடும்.